பண்டை எகிப்திய மொழியில் பிறவினை: 'ஸ்' முன்னொட்டா, 'ரெதி' துணைவினையா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். எகிப்திய மொழியில் 'அங்க்' என்றால் வாழ்தல், அதன் முன்னால் ஒரு 'ஸ்' சேர்த்து 'ஸஅங்க்' என்றால் வாழவைத்தல் என்று படித்திருக்கிறார். வேறொரு பாடத்தில் அதே மாதிரிப் பொருளுக்கு 'ரெதி' என்ற தனி வினையைப் போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்பியிருக்கிறார். இரண்டில் எது சரி, இவற்றை எப்படித் திரிப்பது, எந்த வினைக்கு வேண்டுமானாலும் 'ஸ்' போடலாமா என்று கேட்கிறார். பார்த்தால் திரிபு அட்டவணை கேட்பதுபோல இருக்கிறது. ஆனால் அவர் மாட்டிக்கொண்டிருக்கும் இடம் அதற்கு ஒரு படி முன்னால். 'ஸ்' சேர்த்தால் புதிதாக ஒரு சொல் பிறக்கிறது. 'ரெதி' போட்டால் ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம் உட்காருகிறது. இந்த வேறுபாடு பிடிபட்டால் திரிபில் பெரிய சிக்கல் இல்லை. நான் பல ஆண்டுகளாகப் படிப்பதும் ஆர்வமுள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் மத்திய எகிப்தியமும் (பார்வோன் காலத்துச் செவ்வியல் மொழி) காப்டிக்கும்தான். அதனால் அந்த இரண்டையும் வைத்தே விளக்குகிறேன். இடைப்பட்ட டெமாட்டிக் (காப்டிக்குக்கு முந்தைய கட்டம்) காலத்துக்குள் போகப்போவதில்லை.

முதலில் உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஹைரோகிளிஃப் எழுத்துமுறை மெய்களை மட்டுமே எழுதியது, உயிரொலிகளை எழுதவில்லை. நான் இங்கே 'ஸெமென்', 'ஹெதெப்' என்று எழுதும்போது நடுவில் வரும் எகரமெல்லாம் வாயில் வருவதற்காக அறிஞர்கள் போட்டுக்கொண்டது. பார்வோன் காலத்தவர் அப்படிப் பேசினார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையான உயிரொலி பற்றி நமக்கு நல்ல தடயம் தருவது காப்டிக். அது எகிப்திய மொழியின் கடைசிக் கட்டம், கிரேக்க எழுத்துகளை எடுத்துக்கொண்டு உயிரொலியோடு எழுதப்பட்டது. அதற்கு அப்புறம் வருவோம்.

தமிழ் தெரிந்தவருக்கு இந்த விஷயம் பாதி தெரிந்ததுதான். 'நட' என்ற தன்வினையிலிருந்து 'நடத்து' என்று ஒரு பிறவினை வருகிறது. அதே 'நட'வை 'நடக்க வை' என்றும் சொல்கிறோம். முதலாவது அகராதியில் தனிச்சொல்லாக நிற்கும், இரண்டாவதை அந்தந்த இடத்தில் நாமே கட்டிக்கொள்கிறோம். எகிப்தியத்தில் 'ஸ்' முதல் வகை, 'ரெதி' இரண்டாம் வகை. இதில் இன்னொரு ஒற்றுமையும் உண்டு: 'ரெதி' என்ற வினைக்குக் கொடுத்தல், வைத்தல், செய்யவைத்தல் என்று மூன்று பொருளும் இருக்கின்றன. நம் 'வை' மாதிரியே. இதை வைத்துக்கொண்டு இரண்டு மொழிக்கும் உறவு என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. வைத்தல், கொடுத்தல், விடுதல் போன்ற வினைகள் பிறவினைத் துணையாக மாறுவது உலகில் பல மொழிகளில் நடந்திருக்கிறது. எகிப்திய மொழியின் உறவுக்காரர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள், அதையும் பின்னால் சொல்கிறேன்.

'ஸ்' முன்னொட்டை எடுத்துக்கொள்வோம். 'மென்' நிலைத்திருத்தல், 'ஸெமென்' நிலைநிறுத்துதல். 'ஹெதெப்' அமைதியாக, நிறைவாக இருத்தல், 'ஸெஹெதெப்' சாந்தப்படுத்துதல். 'கெபெர்' உண்டாதல், 'ஸெகெபெர்' உண்டாக்குதல். 'வஅப்' தூய்மையாக இருத்தல், 'ஸ்வஅப்' தூய்மையாக்குதல். 'அஹஅ' நிற்றல், 'ஸஅஹஅ' நிறுத்துதல், அதாவது நிமிர்த்தி நாட்டுதல். ஒபெலிஸ்க் (உயரமான ஒற்றைக்கல் தூண்) நாட்டியதாக மன்னர்கள் பொறித்துவைத்த வரிகளில் நிற்பது இந்த 'ஸஅஹஅ'தான். நிலைபேற்றின் சின்னமான ஜெத் தூணை நிமிர்த்தும் சடங்கின் பெயரிலும் இதே வினை. சக்காராவில் உனாஸ் மன்னனின் பிரமிடுக்குள், சுமார் கி.மு. 2350 வாக்கில் பொறிக்கப்பட்ட மிகப் பழைய பிரமிடு உரைகளிலேயே (மன்னனின் மறுவாழ்வுக்கான மந்திரங்கள்) இந்த வகை வினைகள் நிறைய இருக்கின்றன.

பட்டியலைக் கவனித்தால் ஒன்று தெரியும். பெரும்பாலும் செயப்படுபொருள் குன்றிய வினைகளும், 'நன்றாக இருத்தல்', 'இனிமையாக இருத்தல்' போன்ற பண்பைச் சொல்லும் வினைகளும்தான் 'ஸ்' எடுக்கின்றன. செயப்படுபொருளை ஏற்கும் வினைகளில் இது குறைவு. 'வெனெம்' உண்ணுதல், 'ஸெனெம்' ஊட்டுதல் என்று ஒன்று உண்டு. முதலில் இருந்த 'வ்' காணாமல் போயிருப்பதைக் கவனியுங்கள். ஆனால் 'ஸெஜெம்', கேட்டல், என்ற மிகச் சாதாரணமான வினைக்கு முன்னால் இன்னொரு 'ஸ்' சேர்த்துக் 'கேட்கவைத்தல்' என்று யாரும் எழுதவில்லை. அங்கே 'ரெதி'தான். ஆகவே எல்லா வினைக்கும் போடலாமா என்ற கேள்விக்குப் பதில்: போட முடியாது. நாமாக உருவாக்கவும் கூடாது. அகராதியில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் 'ரெதி'.

சொல்லாக உறைந்துவிட்டதால் பொருளும் சில இடங்களில் தன்பாட்டில் நகர்ந்துவிடுகிறது. 'நெஜெம்' இனிமையாக இருத்தல். அதன் பிறவினை 'ஸெநெஜெம்' இனிமையாக்குதல் என்பதோடு நிற்காமல், சுகமாக உட்கார்ந்திருத்தல் என்ற பொருளுக்கும் போய்விட்டது. 'வெஜா' நலமாக இருத்தல், 'ஸ்வெஜா' நலமாக்குதல். அதோடு இதயம் என்ற சொல்லைச் சேர்த்து 'ஸ்வெஜா இப்' என்றால் தெரிவித்தல், அறிக்கை. எகிப்தின் லாஹூனில் கிடைத்த மத்திய அரசுக் கால (சுமார் கி.மு. 2000–1700) கடிதங்களில், கீழ்நிலை அலுவலர் மேலதிகாரிக்கு எழுதும்போது ஒவ்வொரு செய்தியையும் இந்தச் சொல்லோடுதான் ஆரம்பிக்கிறார். அங்கே போய் 'இதயத்தை நலமாக்குதல்' என்று மொழிபெயர்த்தால் கடிதமே புரியாது.

திரிபுக்கு வருவோம். 'ஸ்' சேர்ந்த வினை ஒரு முழு வினை. அதனால் மற்ற வினைகள் எடுக்கும் எல்லா விகுதியையும் இதுவும் எடுக்கும். எழுவாய் பின்னொட்டாக வரும்: 'ஸஅங்கி' நான் வாழவைக்கிறேன், 'ஸஅங்கெக்' நீ (ஆண்பால்), 'ஸஅங்கெஃப்' அவன், 'ஸஅங்கெஸ்' அவள், 'ஸஅங்கென்' நாங்கள், 'ஸஅங்கெஸென்' அவர்கள். முடிந்துபோன செயலுக்கு வினைக்கும் எழுவாய்க்கும் நடுவில் ஒரு 'ன்' நுழையும்: 'ஸஅங்கெனெஃப்', அவன் வாழவைத்தான். செயப்பாட்டுக்கு 'து' நுழையும்: 'ஸஅங்க்துஃப்', அவன் வாழவைக்கப்படுகிறான். நிலையைச் சொல்லும் வடிவத்தில் தன்மை ஒருமைக்குக் 'குவி': 'ஸஅங்குகுவி'. வினையாலணையும் பெயராக 'ஸஅங்க்' என்றே நின்றால் 'வாழவைப்பவன்'. மன்னர் பெயர்களில் இது மிகப் பிரபலம். 11ஆம் வம்சத்து மூன்றாம் மெந்துஹோதெப்பின் ஆட்சிப்பெயர் 'ஸஅங்ககாரே', சூரியக் கடவுளான ரேயின் 'கா' எனும் உயிராற்றலை வாழவைப்பவன். 12ஆம் வம்சத்தைத் தொடங்கிய முதலாம் அமெனெம்ஹாத்தின் ஆட்சிப்பெயர் 'ஸெஹெதெபிப்ரே', ரேயின் இதயத்தைச் சாந்தப்படுத்துபவன். தஹ்ஷூரில் வளைந்த பிரமிடும் சிவப்புப் பிரமிடும் கட்டிய ஸ்நெஃப்ருவின் பெயரும் 'நெஃபெர்', நன்றாக இருத்தல், என்பதன் பிறவினையில் பிறந்ததுதான்.

இங்கே ஒரே ஒரு இடம் பழகுபவரைத் தடுக்கிவிடும், அதில் கொஞ்சம் நின்று போகலாம். தொழிற்பெயர் வடிவம். மூன்று மெய் உள்ள 'ஹெதெப்' போன்ற வினைக்கு 'ஸ்' சேர்த்தால் தொழிற்பெயர் 'ஸெஹெதெப்' என்றே இருக்கும், வால் ஒன்றும் கிடையாது. ஆனால் இரண்டு மெய் மட்டுமே உள்ள 'மென்' போன்ற வினைக்கு 'ஸ்' சேர்த்தால் தொழிற்பெயரில் ஒரு 'த்' வந்து ஒட்டும்: 'ஸெமெனெத்'. தன்வினையான 'மென்'னுக்கு அந்த 'த்' கிடையாது. சாதாரண மூன்று மெய் வினையான 'ஸெஜெம்'முக்கும் கிடையாது. இரண்டுக்கும் இல்லாதது, 'ஸ்' சேர்ந்த இரண்டு மெய் வினைக்கு மட்டும் வருகிறது. ஆகவே 'ஸெமென்'னில் மூன்று மெய் இருக்கிறது, எனவே அது 'ஸெஜெம்' போலத் திரியும் என்று நினைத்தால் தவறாகிவிடும். மொழி அந்த 'ஸ்' ஒட்டு என்பதை மறக்கவில்லை. காப்டிக்கில் இது காதால் கேட்கும்படி இருக்கிறது: நிலைத்திருத்தல் 'மூன்', நிலைநிறுத்துதல் 'ஸ்மினே'. உள்ளே உயிரொலியே மாறியிருக்கிறது. கடைசி ஏகாரம் அந்தப் பழைய 'த்' தேய்ந்த தழும்பு. 'மெஸி', பெற்றெடுத்தல், போன்ற ஈறு மெலிந்த (கடைசி மெய் நிலையாக நிற்காத) வினைகள் முன்பே தொழிற்பெயரில் 'த்' எடுப்பவை. அவற்றின் பிறவினையும் எடுக்கும். இதன் பிறவினை 'ஸெமெஸி' பிரசவம் பார்த்தல் என்ற பொருளில் வரும். பெர்லினில் இருக்கும் வெஸ்ட்கார் பாப்பிரஸ் கதையில், ருத்ஜெதெத் என்ற பெண் மூன்று குழந்தைகளோடு வலியில் இருக்கும்போது ரே தெய்வம் ஐசிஸ் முதலான தெய்வங்களைப் போய்ப் பிரசவம் பார்க்கச் சொல்லும் இடத்தில் இந்த வினைதான் வருகிறது.

'ஸ்'ஸில் தொடங்குவதெல்லாம் பிறவினை ஆகாது. கேட்டல், படுத்தல், தேர்ந்தெடுத்தல் மூன்றுக்கும் எகிப்தியத்தில் 'ஸ்' முதலெழுத்து. மூன்றிலும் அது வேரின் பகுதி. பழைய அரசுக் கால (பெரிய பிரமிடுகள் எழுந்த, சுமார் கி.மு. 2700–2200) எழுத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. அந்தக் காலத்தில் 'ஸ்' போன்ற ஒலிகள் இரண்டு இருந்தன. ஒன்றுக்கு மடித்துத் தொங்கவிட்ட துணி வடிவம், இன்னொன்றுக்குக் கதவுத் தாழ்ப்பாள் வடிவம். பிறவினை முன்னொட்டு துணி வடிவத்தில் வரும். தாழ்ப்பாள் வடிவத்தில் பழைய கல்வெட்டு ஒரு சொல்லை எழுதினால் அங்கே பிறவினையைத் தேட வேண்டாம். எழுதுதல் என்ற வினை அப்படிப்பட்டது. மனிதன் என்ற சொல்லும் அப்படித்தான், அதனால் 'செனுஸ்ரெத்' என்ற மன்னர் பெயரைப் பிறவினை என்று பிரிக்கக் கூடாது. அது 'வொஸ்ரெத் தேவியின் ஆள்' என்று பொருள்படும் பெயர். மத்திய அரசுக் காலத்துக்குள் இரண்டு ஒலியும் ஒன்றாகிவிட்டதால் எழுதுபவர்கள் இரண்டு வடிவத்தையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். அதற்குப் பிந்தைய எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் சோதனை செய்ய முடியாது.

இனி 'ரெதி'. இதில் திரிவது 'ரெதி' மட்டும். அதற்குப் பின்னால் வரும் வினை 'அவன் செய்யும்படி' என்ற விழைவு வடிவத்தில் தன் சொந்த எழுவாயோடு நிற்கும். மத்திய அரசுக் காலத்துச் சினுஹே கதையில் அடுத்தடுத்து வரும் வாக்கியங்களைப் போல இதைக் காட்டக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. எகிப்தை விட்டு ஓடிப்போன சினுஹேவை மேல் ரெத்ஜெனு (சிரியா-பாலஸ்தீனப் பகுதி) நாட்டின் தலைவன் ஏற்றுக்கொள்கிறான். 'என்னைத் தன் பிள்ளைகளுக்கு முன்னால் வைத்தான், தன் மூத்த மகளை எனக்குக் கட்டிவைத்தான், தன் நாட்டிலிருந்து எனக்கானதை நானே தேர்ந்தெடுக்கவைத்தான்' என்கிறான் சினுஹே. முதல் வாக்கியம் மூலத்தில் 'ரெதினெஃப் வி' என்று ஆரம்பிக்கிறது. கடைசி வாக்கியம் 'ரெதினெஃப் ஸெதெபி' என்று ஆரம்பிக்கிறது. இரண்டிலும் 'ரெதினெஃப்' ஒன்றுதான், 'அவன் வைத்தான்'. ஆனால் முதலாவதில் 'வி' என்பது 'என்னை' என்ற செயப்படுபொருள் வடிவம். கடைசியில் 'ஸெதெப்' என்ற வினையின் வாலில் ஒட்டியிருக்கும் 'இ' என்பது 'நான்' என்ற எழுவாய் வடிவம். 'அவன் வைத்தான், நான் தேர்ந்தெடுக்க' என்பதுதான் கட்டமைப்பு. ('ஸெதெப்' வேரிலேயே 'ஸ்' உள்ள சொல், மேலே சொன்ன எச்சரிக்கைக்கு இதுவும் உதாரணம்.)

இதை 'ஸ்' வகையோடு ஒப்பிட்டால் கேட்டவரின் குழப்பம் முழுதாகத் தீரும். 'ஸஅங்கெனெஃப் வி' என்றால் அவன் என்னை வாழவைத்தான், 'என்னை' செயப்படுபொருள். 'ரெதினெஃப் அங்கி' என்றால் நான் வாழும்படி செய்தான், 'நான்' எழுவாய். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி மொழிபெயர்க்கலாம், ஆனால் இலக்கணம் ஒன்றல்ல. பாடத்தில் பிரதிப்பெயர் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்த்தால் எந்தக் கட்டமைப்பு என்பது உடனே தெரிந்துவிடும்.

'ரெதி' ஒழுங்கற்ற வினை. முதல் 'ர்' இருந்தும் வரும், இல்லாமல் 'தி' என்றும் வரும். ஏவலில் முற்றிலும் வேறு சொல்: 'இமி'. 'அவனைக் கொண்டுவரச் சொல்' என்பதற்கு 'இமி'யைப் போட்டு, அதன்பின் கொண்டுவரப்படுதலை விழைவில் வைப்பார்கள். பின்னால் வரும் வினைகளிலும் சில தனி வடிவம் எடுக்கும். வருதல், கொண்டுவருதல் இரண்டும் 'ரெதி'க்குப் பின்னால் 'இவெத்', 'இனெத்' என்று 'த்' எடுத்து நிற்கும். அதைத் தொழிற்பெயர் என்றோ பெண்பால் என்றோ நினைத்துவிடாதீர்கள். எதிர்மறைக்குத் தொழிற்பெயருக்கு முன் 'தெம்' போடுவார்கள். இதற்கு நான் எப்போதும் காட்டுவது, மூன்றாம் செனுஸ்ரெத் தன் 8ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 19ஆம் நூற்றாண்டில், எகிப்துக்குத் தெற்கே நூபியாவின் செம்னாவில் நாட்டிய எல்லைக்கல். இப்போது பெர்லினில் இருக்கிறது. எந்த நூபியரும் நீர்வழியாகவோ நிலவழியாகவோ வடக்கே போகும்போது இந்த எல்லையைத் தாண்ட 'தெம் ரெதி', விடாமலிருக்க, என்கிறது கல். இக்கென் என்ற இடத்துக்கு வணிகம் செய்ய வருபவருக்கும் தூது வருபவருக்கும் மட்டும் விலக்கு. செய்யவைத்தல், செய்யவிடுதல் இரண்டையும் 'ரெதி' ஒன்றே சுமக்கிறது என்பதற்கு இந்தக் கல்லைவிடத் தெளிவான சான்று வேண்டாம். இங்கே 'தாண்டவைக்காமலிருக்க' என்று மொழிபெயர்த்தால் கேலியாகிவிடும்.

காலப்போக்கில் என்ன ஆனது என்பதும் உறுதியாகத் தெரியும். பழைய எகிப்தியத்தில் தாராளமாகப் பிறந்துகொண்டிருந்த 'ஸ்' வினைகள் பிற்கால எகிப்தியத்தில் புதிதாகப் பிறப்பது நின்று, இருப்பவை மட்டும் சொற்களாகத் தங்கின. 'ரெதி' அந்த இடத்தைப் பிடித்தது. காப்டிக் வரும்போது 'ரெதி'யும் கரைந்து ஒரு 'த்' ஆகிப் பின்வரும் வினையோடு ஒட்டிக்கொண்டது. 'அவன் வாழும்படி செய்தல்' என்ற பழைய தொடர் 'தன்ஹோஃப்' என்ற ஒற்றைச் சொல்லானது. அதில் 'த்' பழைய 'ரெதி'. இறுதி 'ஃப்' ஒரு காலத்தில் 'அவன்' என்ற எழுவாய். காப்டிக் பேசியவருக்கு அது 'அவனை' என்ற செயப்படுபொருள். சினுஹே கதையில் நாம் பார்த்த அந்தக் கோடு இங்கே அழிந்துவிட்டது. நிற்கவைத்தல் 'தஹோ', ஊட்டுதல் 'த்ம்மோ', குடிக்கக்கொடுத்தல் 'த்ஸோ' என்று ஓகாரத்தில் முடியும் ஒரு பெருங்கூட்டமே உண்டு. அந்த ஓகாரம் பழைய விழைவு வடிவத்தின் உயிரொலி என்று ஏற்கிறார்கள். சில இடத்தில் 'த்' அடையாளமே தெரியாது: 'ஷோபே', உண்டாதல், என்பதன் பிறவினை 'ச்போ'. 'த்'தும் 'ஷ்'ஷும் கலந்து 'ச்' ஆகிவிட்டது. பழைய 'ஸஅங்க்'கும் சாகவில்லை, 'ஸாஅன்ஷ்' என்று பேணி வளர்த்தல் என்ற பொருளில் நிற்கிறது. 'தன்ஹோ' உயிர்ப்பித்தல், உயிரோடு வைத்திருத்தல். ஒரே வேரிலிருந்து இரண்டு தலைமுறைப் பிறவினைகள் ஒரே மொழியில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது எனக்கு இன்றும் வியப்பு தரும் விஷயம். ஏவலில் 'எனக்குத் தெரிவி' என்பதற்குக் காப்டிக் 'மதமோய்' என்கிறது. முன்னால் நிற்கும் 'ம' அந்தப் பழைய 'இமி'யின் மிச்சம்.

உறுதி குறைந்த இடங்களையும் சொல்ல வேண்டும். 'ஸ்' நேரடியாகச் செய்வதையும் 'ரெதி' இன்னொருவரைக் கொண்டு செய்விப்பதையும் குறித்தது என்று சிலர் ஒரு விதி சொல்வார்கள். போக்காகச் சரிதான், ஆனால் அதைக் கொண்டு ஒரு வரியின் பொருளைத் தீர்மானிக்க நான் துணிய மாட்டேன். 'ஒபெலிஸ்கை நாட்டினான்' என்ற வரியில் வருவது 'ஸ்' வினை, கயிறு இழுத்தது மன்னன் இல்லையே. காப்டிக்கில் பிழைக்காத வினைகளின் உயிரொலியை மீட்டெடுப்பது பெரும்பாலும் ஒப்புமையால் செய்யும் ஊகம். 'ஸ்' எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு பாதி உறுதி: அக்காடியத்தில் பிறவினைக்கு 'ஷ்', பெர்பெர் மொழிகளில் இன்றும் 'ஸ்', குஷிட்டிக் மொழிகளில் வாலில் ஒரு 'ஸ்'. ஆஃப்ரோ-ஆசியக் குடும்பத்தின் பொதுச்சொத்து இது என்பதில் ஐயமில்லை. அந்த ஒட்டு அதற்கு முன் என்னவாக இருந்தது என்ற கேள்விக்குப் பல கருதுகோள்கள் உண்டு, நிரூபணம் இல்லை.

நடைமுறைக்கு: 'ஸ்'ஸில் தொடங்கும் வினை கண்ணில் பட்டால் அந்த 'ஸ்'ஸை விரலால் மறைத்துப் பாருங்கள். மிச்சம் தனி வினையாக அகராதியில் இருக்கிறதா, கடைசியில் வரும் பொருட்குறி (ஒலியின்றிப் பொருள்வகையை மட்டும் காட்டும் குறி) இரண்டிலும் ஒத்துப்போகிறதா, பழைய அரசுக் காலத்தில் துணி வடிவத்தில் எழுதியிருக்கிறார்களா என்று வரிசையாகக் கேளுங்கள். 'ரெதி' பட்டால் அடுத்த சொல்லைப் பாருங்கள். பெயர் அல்லது 'வி' போன்ற வடிவம் வந்தால் கொடுத்தல் அல்லது வைத்தல். தன் எழுவாயோடு வினை வந்தால் பிறவினை. சினுஹே கதையின் அந்தப் பத்தியை இந்த இரண்டு சோதனையோடு ஒருமுறை நீங்களே படித்துப் பாருங்கள். எங்கே சிக்குகிறதோ அந்த வரியைக் குறி வரிசையோடு எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.